தீவிரவாத தாக்குதல் நடந்தா என்ன பண்ணணும்? பிரிட்டன் போலீஸோட ஃப்ரீ ஆக்ட் கோர்ஸ் பண்ணி பாத்தேன்

கோர்ஸ் முடிச்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அப்பவே எழுதியிருக்கலாம், ஆனா கத்துக்கிட்டத ஒரு தடவயாவது நெஜமா யூஸ் பண்ணி பாத்துட்டு எழுதுவோம்னு நிறுத்தி வெச்சேன், இப்ப எங்க பொங்கல் விழாவும் நல்லபடியா முடிஞ்சிருச்சு, அதனால எழுதறேன். நேரம் இல்லாதவங்களுக்கு மொதல்லயே சொல்லிடறேன், பிரிட்டன்ல இருக்கற தமிழ் ஆளுங்க, அதுவும் கோயில், தமிழ் பள்ளி, சங்கம், கல்யாண ஹால்னு கூட்டம் சேர்க்கற வேலையில இருக்கறவங்க எல்லாரும் கட்டாயம் பண்ணுங்க. அஞ்சுக்கு நாலரை மார்க் குடுப்பேன். அந்த அரை மார்க் ஏன் கொறச்சேன்னு கீழ சொல்றேன்.

நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்னா, நாங்க லண்டன்ல சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு நடத்தறோம், பொங்கல் விழான்னா பசங்க, அம்மா அப்பா, ஊர்லருந்து வந்திருக்கற தாத்தா பாட்டி எல்லாம் சேந்து 350 பேர் வரைக்கும் வந்துருவாங்க, வாடகைக்கு ஹால் எடுத்துதான் பண்ணுவோம். இந்த தடவ ஹால்காரங்க ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, அதுல "அவசர நிலைமையில உங்க ஆளுங்கள யார் வழிநடத்துவாங்க, தாக்குதல் மாதிரி ஏதாவது நடந்தா உங்க திட்டம் என்ன"ன்னு கேட்டிருந்தாங்க. கமிட்டியில எட்டு பேர் இருக்கோம், சக்கரை பொங்கல் எத்தன கிலோ, சவுண்ட் சிஸ்டம் யாரு, கோலப்போட்டிக்கு நடுவர் யாருன்னு எல்லாத்துக்கும் பதில் இருந்துச்சு, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் யார்கிட்டயும் பதில் இல்ல. அன்னைக்கு நைட்டே தேடி உக்காந்து பண்ணுனதுதான் இந்த கோர்ஸ்.

பேரு ஆக்ட் அவேர்னெஸ் இ-லேர்னிங். ஆக்ட்ங்கறது ஆக்ஷன் கவுன்ட்டர்ஸ் டெரரிசம்ங்கறதோட சுருக்கம். கவுன்ட்டர் டெரரிசம் போலீஸ் 2018ல மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கம்பெனியோட சேந்து, கடை, மால், ஸ்டேடியம் மாதிரி கூட்டம் வர்ற எடத்துல வேல செய்யறவங்களுக்காக உண்டாக்குனது, அப்புறம் 2020ல பொதுமக்கள் எல்லாருக்கும் தொறந்து விட்டுட்டாங்க. ப்ரொடெக்ட்யூகேங்கற வெப்சைட்ல இருக்கு. பத்து பைசா செலவு இல்ல, முக்கால் மணி நேரம் போதும், சின்ன சின்ன பகுதியா வீடியோவும் கேள்வியுமா போகுது, முடிச்சா ஒரு சர்டிஃபிகேட் டவுன்லோட் பண்ணிக்கலாம். அந்த சர்டிஃபிகேட்ட ஹால்காரங்க ஃபார்மோட வெச்சு குடுத்தோம்.

நான் கோயமுத்தூர்க்காரன். இத சொல்லாம இந்த ரிவ்யூவ எழுத முடியாது. 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை, எனக்கு அப்ப பதினோரு வயசு. அத்வானி ஆர்.எஸ்.புரத்துல பேசறதுக்கு வர்றாருன்னு ஊரே பரபரப்பா இருந்துச்சு, சாயந்திரம் நாலு மணி ஆகறதுக்கு முன்னாடியே மொத குண்டு வெடிச்சுது, அப்புறம் ஊர்ல அங்கங்க வரிசையா வெடிச்சுட்டே இருந்துச்சு. 58 பேர் செத்தாங்க, 200 பேருக்கு மேல காயம். எங்கப்பா அன்னைக்கு துணி எடுக்க டவுனுக்கு போயிருந்தாரு. செல்போன் எல்லாம் ஏது அப்ப, பக்கத்து வீட்டு லேண்ட்லைன்ல கூப்ட்டு விசாரிக்கவும் யாரு இருக்கா. அம்மா வாசப்படியில உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. அவரு நடந்தே வீடு வந்து சேரும்போது நைட்டு ஒம்பது மணிக்கு மேல. அந்த குண்டுங்க எதுல இருந்துச்சுன்னு அப்புறம் பேப்பர்ல படிச்சோம், கார்ல, பைக் சைடு பாக்ஸ்ல, சைக்கிள்ல, தோள்ல மாட்டற பையில, பழ வண்டியில. தெருவுல தெனமும் நாம பாக்கற சாமானுங்க. அதுக்கப்புறம் ரொம்ப வருசத்துக்கு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கற ஒவ்வொரு சைக்கிளையும் பயந்து பயந்து பாத்துட்டு போவேன். பயம் இருந்துச்சே தவிர, என்ன பண்ணணும்னு ஒருத்தரும் சொல்லித்தரல. "கேட்பாரற்று கிடக்கும் பொருட்களைத் தொடாதீர்கள்"ங்கற அறிவிப்பு ஒண்ணுதான் எங்களுக்கு கெடச்ச மொத்த பாடமும்.

தொடாம இருக்கறது சரி, ஆனா தொடாம நகர்ந்து போயிட்டா போதுமா? ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இங்க ஒரு ரயில் ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்ல தூணுக்கு பின்னாடி ஒரு கருப்பு சூட்கேஸ் தனியா கெடந்துச்சு. பாத்தேன். சுத்தி யாரும் இல்ல. "நமக்கெதுக்கு வம்பு, யாரோ வெச்சிருப்பாங்க"ன்னு வந்த ட்ரெயின்ல ஏறி போயிட்டேன். ஒண்ணும் ஆகல. ஆனா வீட்டுக்கு போனப்புறம் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு, ஏன்னா நான் ஏறிட்டேன், பின்னாடி தள்ளுவண்டியில கொழந்தய வெச்சுட்டு அந்த பொண்ணு அங்கயேதான நின்னுட்டு இருந்துச்சு. இந்த "நமக்கெதுக்கு வம்பு"ங்கறதத்தான் இந்த கோர்ஸ் ஒடச்சுது. அதுக்குதான் நான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

பையப் பத்துன பகுதிதான் எனக்கு ரொம்ப புடிச்சுது. ஹாட்னு ஒரு மூணு கேள்வி சொல்லித்தர்றாங்க. எச்ன்னா ஹிடன், அதாவது வேணும்னே மறைச்சு வெச்ச மாதிரி இருக்கா? ஓன்னா ஆப்வியஸ்லி சஸ்பீஷியஸ், பாத்தாலே சந்தேகப்படற மாதிரி வயர், பேட்டரி, சர்க்யூட் போர்டு, டேப், திரவம், ஒழுங்கில்லாம ஒட்டுன மாதிரி ஏதாவது இருக்கா? டின்னா டிபிக்கல், அந்த எடத்துல அந்த மாதிரி பொருள் இருக்கறது வழக்கமா? ஏர்போர்ட் லவுஞ்சுல சூட்கேஸ் இருந்தா வழக்கம், கோயில் செருப்பு வெக்கற எடத்துல சூட்கேஸ்னா வழக்கம் இல்ல. பெரும்பாலான பைங்க சும்மா மறந்து வெச்சுட்டு போனதுதான், அதுவும் அவங்களே சொல்றாங்க, அதனால மொதல்ல சுத்தி இருக்கறவங்ககிட்ட யாருதுன்னு கேளுங்க, அவசரப்பட்டு மைக்க புடிச்சு கத்தாதீங்கன்னு. மறந்த பையா, சந்தேகத்துக்குரிய பையான்னு பிரிக்கறதுக்கு ஒரு அளவுகோல் கையில இருந்தா பயம் பாதியா கொறஞ்சிடுது. அந்த தூணுக்கு பின்னாடி இருந்த சூட்கேச இப்ப நெனச்சு பாக்கறேன், மறைவா இருந்துச்சு, பக்கத்துல ஆள் இல்ல. நான் சொல்லியிருக்கணும்.

யார்கிட்ட சொல்றதுன்னும் ஒரு தெளிவு வந்துச்சு. இங்க ரயில்ல "சீ இட், சே இட், சார்ட்டட்"னு (பாத்தா சொல்லுங்க, நாங்க சரி பண்ணிடறோம்னு அர்த்தம்) நிமிசத்துக்கு ஒரு தடவ சொல்றத நாம எல்லாரும் காதுல வாங்காம போனு நோண்டிட்டு இருப்போம், அது 2016லருந்து ஓடிட்டு இருக்கு. அதுல சொல்ற 61016ங்கற நம்பருக்கு ஒரு மெசேஜ் போட்டா போதும், ரயில்வே போலீஸுக்கு போயிரும், யார்கிட்டயும் நின்னு பேசணும்னு இல்ல. இங்கிலீஷ் சரளமா வராதுன்னு தயங்கற நம்ம ஆளுங்களுக்கு இது பெரிய உதவி. அவசரம்னா 999. அவசரம் இல்ல, ஆனா மனசுக்கு சரியா படல, ஒருத்தரோட நடவடிக்கையில சந்தேகம்னா 0800 789 321ன்னு தீவிரவாத தடுப்பு ஹாட்லைன் தனியா இருக்கு.

நெஜமாவே சந்தேகத்துக்குரிய பைதான்னு ஆயிருச்சுன்னா தொடக்கூடாது, நகத்தக்கூடாது, அது பக்கத்துல 15 மீட்டருக்குள்ள செல்போன், வாக்கி டாக்கி யூஸ் பண்ணக்கூடாது. மக்கள தள்ளி கூட்டிட்டு போகணும். எவ்ளோ தூரம்? தோள் பை மாதிரி சின்ன சாமான்னா 100 மீட்டர், கார் மாதிரின்னா 200, வேன் லாரின்னா 400 மீட்டர். பொருள் கண்ணுக்கு தெரியற எடத்துல நிக்காதீங்க, கண்ணாடி பக்கத்துல நிக்காதீங்கன்னும் சொல்றாங்க. இதுல எனக்கு ஒரு விசயம் ஒறச்சுது. நம்ம ஊர்ல ஏதாவதுன்னா ஒடனே வட்டமா சுத்தி நின்னு எட்டி எட்டி பாப்போம் இல்லீங்களா, அந்த பழக்கம் இங்க வந்தும் நமக்கு போகல. 400 மீட்டர்னா எங்க ஹால்லருந்து அடுத்த பஸ் ஸ்டாப்ப தாண்டி போகணும். ஒரு தடவ நடந்து பாத்துட்டு வந்தேன்.

ஆளுங்க பத்துன பகுதிக்கு வர்றேன். இங்கதான் எனக்கு மனசுல ஒரு நெருடல் இருந்துச்சு. நம்ம தோல் நெறத்துக்கு, தாடிக்கு, பேசற பாஷைக்கு ஊரே நம்மள சந்தேகமா பாக்கற எடத்துல, "சந்தேகப்பட்டா சொல்லுங்க"ன்னா அது எங்க போய் முடியும்னு ஒரு கவல. கோர்ஸ்ல தெளிவா சொல்லிட்டாங்க, ஆள பாக்காதீங்க, செய்கைய பாருங்கன்னு. எந்த ஊரு, எந்த மதம், என்ன டிரெஸ், இதெல்லாம் சந்தேகத்துக்கு காரணமே இல்ல. கேமரா எங்க இருக்கு, வாசல் எங்க இருக்குன்னு போட்டோ எடுக்கறது, செக்யூரிட்டி எத்தன பேர், எப்ப ஷிஃப்ட் மாறும்னு ஊழியர்கிட்ட நோண்டி நோண்டி கேக்கறது, ஒரே ஆளு காரணமே இல்லாம திரும்ப திரும்ப வர்றது, ஸ்டாஃப் கிட்ட வந்தா நழுவறது. நம்ம பாஷையில சொன்னா நோட்டம் பாக்கறது. தாக்குதல் பண்றவன் பெரும்பாலும் முன்னாடியே வந்து நோட்டம் பாத்துட்டுதான் போறான், அந்த நேரத்துலதான் அவன் கண்ணுக்கு மாட்டுவான்.

அதுக்கு இங்க போலீஸ் சொல்ற மருந்து என்ன தெரியுமா? ஹலோ சொல்றது. பவர் ஆஃப் ஹலோன்னே அதுக்கு பேரு. வர்றவங்க மூஞ்சிய பாத்து சிரிச்சு "வாங்க, ஏதாவது உதவி வேணுமா"ன்னு கேளுங்க, நல்லவங்களுக்கு அது மரியாதை, நோட்டம் பாக்க வந்தவனுக்கு அது "உன்ன பாத்துட்டேன்"ங்கற செய்தி. இத படிச்சதும் எங்க அம்மிச்சி ஊரு ஞாபகம் வந்துருச்சு. பொள்ளாச்சி பக்கம் சின்ன கிராமம், புது ஆளு ஒருத்தர் ஊருக்குள்ள கால் வெச்சா திண்ணையில உக்காந்திருக்கற பெருசுங்க "ஏனுங்க, யாரு வேணுமுங்க, எந்த ஊருங்க"ன்னு கேக்காம விடமாட்டாங்க. தண்ணியும் குடுப்பாங்க, விவரமும் வாங்கிருவாங்க. லண்டனுக்கு வந்ததும் அடுத்தவங்க விசயத்துல தலையிடக்கூடாதுன்னு அத மூட்ட கட்டி வெச்சுட்டோம். எங்க பொங்கல் விழாவுல வாசல்ல சந்தனம் குங்குமம் கல்கண்டு குடுக்கற எடத்துல எப்பவும் சின்ன பசங்கள நிறுத்துவோம், இந்த வருசம் கூட நாலு பெரியவங்கள நிறுத்துனோம், வர்ற ஒவ்வொருத்தரையும் கண்ண பாத்து வரவேற்கணும்னு சொல்லி. வந்தவங்க ரொம்ப சந்தோசப்பட்டாங்க.

சொல்லத் தயங்குனா என்ன ஆகும்ங்கறதுக்கு மான்செஸ்டர் அரீனா இருக்கு. 2017 மே 22, அரியானா கிராண்டே கச்சேரி முடிஞ்சு பசங்க வெளிய வர்ற நேரம், நைட்டு பத்தர மணிக்கு, ஒருத்தன் பையில கொண்டு வந்த குண்ட வெடிக்க வெச்சதுல 22 பேர் செத்தாங்க, நெறய பேர் சின்ன பசங்க. அத விசாரிச்ச கமிஷனோட மொத அறிக்கை 2021ல வந்துச்சு. பெரிய பையோட ஒருத்தன் உக்காந்திருக்கான்னு பொண்ண கூட்டிட்டு போக வந்த ஒரு அப்பா சந்தேகப்பட்டு அங்க இருந்த ஊழியர்கிட்ட சொல்லியிருக்காரு, அவரு சொன்னத யாரும் பெருசா எடுத்துக்கல. ஒரு இளவயசு செக்யூரிட்டி பையன், நான் தப்பா சொல்லிட்டா இனவெறியன்னு சொல்லிருவாங்களோன்னு தயங்குனதா அவனே விசாரணையில சொன்னான். தாக்குதல்காரன் அதுக்கு முன்னாடியே வந்து நோட்டம் பாத்துட்டு போயிருக்கான், கேமராவுக்கு தெரியாத மூலையாப் பாத்து உக்காந்திருக்கான். அந்த அப்பா பண்ணது நூத்துக்கு நூறு சரி. அவரு எடத்துல நாம இருந்திருந்தா போய் சொல்லியிருப்போமா, இல்ல ஓரமா நின்னு புள்ளைய கூட்டிட்டு கெளம்பியிருப்போமான்னு நெனச்சா எனக்கு இன்னைக்கும் வயித்துல என்னமோ பண்ணுது.

அடுத்தது எல்லாரும் கேள்விப்பட்ட ரன், ஹைட், டெல். நான் வீட்ல "ஓடு, ஒளி, சொல்லு"ன்னு மாத்தி சொல்லிக்குடுத்தேன். 2015 நவம்பர்ல பாரிஸ்ல நடந்த தாக்குதலுக்கு அடுத்த மாசம் இங்க இத வெளியிட்டாங்க. கேக்கறதுக்கு மூணு வார்த்தைதான், ஆனா உள்ள இருக்கற விவரம்தான் முக்கியம்.

ஓடுன்னா, துப்பாக்கி கத்தின்னு ஏதாவது நடக்குதுன்னு தெரிஞ்ச ஒடனே, பாதுகாப்பா போக வழி இருந்தா போயிரணும். பை, கோட்டு, லேப்டாப் எதையும் எடுக்க நிக்கக்கூடாது. கூட இருக்கறவங்கள "வா வா"ன்னு கூப்பிடணும், ஆனா அவங்க வரலன்னு நீங்க நின்னு போயிரக்கூடாது. இதுதான் கஷ்டம். கோர்ஸ்ல அந்த எடத்துல வீடியோவ பாஸ் பண்ணிட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். நெஜத்துல மொத சில நொடி மனசு நம்பாது, பட்டாசு சத்தமா இருக்கும், யாரோ வெளையாடறாங்கன்னு தோணும். அந்த நொடிகள வீணாக்காம இருக்கத்தான் முன்னாடியே யோசிச்சு வெக்கறது. எந்த எடத்துக்கு போனாலும் உள்ள வந்த வாசல் தவிர இன்னொரு வாசல் எங்கன்னு பாத்து வெச்சுக்கங்கன்னு சொல்றாங்க, ஏன்னா பயத்துல எல்லாரும் வந்த வாசலுக்குத்தான் ஓடுவாங்க. இது தீக்கும் உதவும், கூட்ட நெரிசலுக்கும் உதவும்.

ஒளின்னா, ஓட முடியலன்னா மட்டும். அவன் கண்ணுக்கு நாம தெரியாம இருந்தா போதும்னு நெனச்சுக்கறோம், அது தப்பு, துப்பாக்கி குண்டு வந்து கண்ணாடி, மரம், மெல்லிசு தகரம், ஏன் சாதா செங்கல் சுவரக்கூட தொளைக்கும். கெட்டியான காங்கிரீட் சுவருக்கு பின்னாடி போங்க, கதவ பூட்டுங்க, மேஜை நாற்காலிய முட்டுக்குடுங்க, அப்புறம் கதவுகிட்ட நிக்காம தள்ளிப் போங்க. போன சைலன்ட்ல போட்டா பத்தாது, வைப்ரேஷனையும் நிறுத்தணும். இத எத்தன பேர் யோசிச்சிருப்போம்? அமைதியான ரூம்ல மேஜை மேல போன் அதிர்ற சத்தம் எவ்ளோ தூரம் கேக்கும்னு அன்னைக்கு நைட்டு வீட்ல டெஸ்ட் பண்ணி பாத்தேன், பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது.

சொல்லுன்னா, பாதுகாப்பான எடத்துக்கு போனதும் 999. எங்க, என்ன, தாக்கறவன் எந்தப் பக்கம் போறான், எப்படி இருக்கான், அடிபட்டவங்க எத்தன பேர், வாசல் எங்க. பேச முடியாத நெலமைன்னா செல்போன்லருந்து 999 அடிச்சு, கேக்கும்போது 55 அழுத்தணும், அப்பதான் போலீஸுக்கு கனெக்ட் ஆகும். ஆனா 55 அழுத்திட்டா மட்டும் நீங்க எங்க இருக்கீங்கன்னு அவங்களுக்கு தெரிஞ்சிராது, அதனால மெதுவா இருமறதோ போன தட்டறதோ பண்ணி அவங்க கேக்கறதுக்கு பதில் குடுக்கணும். ஊர்ல இருக்கறவங்களுக்கு 112.

போலீஸ் வந்தப்புறம் எப்படி நடந்துக்கணும்ங்கற பகுதிய தயவு செஞ்சு யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க, முக்கியமா நம்ம ஊரு ஆம்பள பசங்க. ஆயுதத்தோட வர்ற போலீஸுக்கு யாரு தாக்குனவன், யாரு தப்பிச்சு ஓடி வர்றவன்னு தெரியாது. உங்க மேல துப்பாக்கிய நீட்டலாம், கடுமையா பேசலாம், தரையில படுக்க வெக்கலாம். கை ரெண்டும் காலியா தெரியற மாதிரி வெச்சுக்கணும், சட்டுனு பாக்கெட்டுக்குள்ள கைய விடறது, அவங்கள பாத்து ஓடறது கூடாது, சொல்றத அப்படியே செய்யணும். 2005 ஜூலை 7ல லண்டன் ட்ரெயின்லயும் பஸ்லயும் குண்டு வெடிச்சு 52 பேர் செத்தாங்க, ரெண்டு வாரம் கழிச்சு ஜூலை 22ல ஸ்டாக்வெல் ஸ்டேஷன்ல ஜான் சார்லஸ் டி மெனிசிஸ்ங்கற பிரேசில் நாட்டு எலக்ட்ரீஷியன தீவிரவாதின்னு தப்பா நெனச்சு போலீஸ் சுட்டு கொன்னுருச்சு. அவருக்கு 27 வயசு, அவரு ஒரு தப்பும் பண்ணல. அந்த மாதிரி தப்பு நடக்காம பாத்துக்கற பொறுப்பு போலீஸோடதுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனாலும் பையில கைய விடாத, கைய மேல தூக்குன்னு என் தம்பி பையனுக்கு, யூனிவர்சிட்டி படிக்க வந்திருக்கான், ரெண்டு தடவ சொல்லி வெச்சிருக்கேன்.

அப்புறம் இந்த வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போடற விசயம். 2008 நவம்பர் 26, மும்பை தாஜ், ஓபராய், சிஎஸ்டி ஸ்டேஷன், 166 பேர் செத்த அந்த மூணு நாள்ல, கமாண்டோ எந்தப் பக்கம் எறங்கறாங்கன்னு டிவில லைவா போட்டாங்க, பாகிஸ்தான்ல உக்காந்திருந்தவங்க அத பாத்துட்டு உள்ள இருக்கறவங்களுக்கு போன்ல சொல்லிட்டு இருந்தாங்க. 2012ல கசாப் வழக்கு தீர்ப்புல சுப்ரீம் கோர்ட்டே சேனல்கள கண்டிச்சுது. இன்னைக்கு நம்ம ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு சேனல் இருக்கு. ஹோட்டல் ரூம்ல யாரோ ஒளிஞ்சிருக்காங்கன்னு நாம போடற ஒரு ஸ்டேட்டஸ் அவங்க உசுருக்கு ஒலை வெச்சிரும். இன்னொண்ணு, ஒளிஞ்சிருக்கற ஆளுக்கு பதறிப்போய் கால் மேல கால் பண்ணாதீங்க. எங்க வீட்ல ஒரு ஏற்பாடு பண்ணிட்டோம், ஏதாவது நடந்தா யாரும் கூப்பிடக்கூடாது, தப்பிச்சவங்க "பத்திரம்"னு ஒரே ஒரு வார்த்தை மெசேஜ் போடணும், அது வர்ற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும். அம்மாகிட்ட போன்ல இத சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அன்னைக்கு உங்கப்பாகிட்ட இப்படி ஒண்ணு இருந்திருந்தா"ன்னாங்க.

போன்ல குண்டு மிரட்டல் வந்தா என்ன பண்ணணும்னும் ஒரு பகுதி இருக்கு, ஆபீஸ் ரிசெப்ஷன்ல, ஸ்கூல்ல இருக்கறவங்களுக்கு அது ரொம்ப உபயோகம். பதறி போன வெச்சிராம பேச்ச இழுத்து, எங்க வெச்சிருக்க, எப்ப வெடிக்கும், பாக்க எப்படி இருக்கும், ஏன் பண்ணுனன்னு கேட்டு ஒரு வார்த்த விடாம எழுதி வெக்கணும். 2024 பிப்ரவரியில சென்னையில பல பிரைவேட் ஸ்கூலுக்கு ஒரே நாள்ல ஈமெயில்ல மிரட்டல் வந்து அத்தன பேரண்ட்ஸும் வேலைய போட்டுட்டு ஓடுனாங்களே, கடைசில புரளின்னு ஆச்சு. புரளியா நெஜமான்னு முடிவு பண்றது நம்ம வேல இல்ல, போலீஸ் வேல.

அரை மார்க் கொறச்சதுக்கு காரணம் சொல்றேன்னேன். ஒண்ணு, இது திரையில பாக்கறது, கை கால் அசைச்சு பழகறது இல்ல. வீடியோ முடிஞ்சதும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், ஹால்ல நின்னு "இப்ப எந்தக் கதவு"ன்னு கேட்டா முழிப்போம். அதனால பண்றவங்க தனியா பண்ணிட்டு விட்டுராம, உங்க எடத்துல ஒரு தடவ நடந்து பாருங்க. ரெண்டாவது, இது முதலுதவி கோர்ஸ் இல்ல. மான்செஸ்டர்ல ஆம்புலன்ஸ்காரங்க கொஞ்ச பேர்தான் அந்த ரூமுக்குள்ள போனாங்க, ஃபயர் சர்வீஸ் ரெண்டு மணி நேரத்துக்கு மேல கழிச்சுதான் வந்துச்சு, நல்லபடியா வைத்தியம் கெடச்சிருந்தா ஒருத்தர் பொழச்சிருக்கக்கூடும்னு விசாரணை அறிக்கையே சொல்லுது. அவருக்கு அங்க இருந்த ஒரு சாதாரண மனுசன் பெல்ட்ட எடுத்து கால்ல இறுக்கி கட்டி புடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. உதவி வர்ற வரைக்கும் ரத்தத்த நிறுத்தறது பக்கத்துல இருக்கறவங்க கையிலதான் இருக்கு. அதுக்கு சிட்டிசன்எய்டுன்னு ஒரு சாரிட்டியோட ஃப்ரீ ஆப் இருக்கு, என்ன நடந்தா எந்த வரிசையில என்ன செய்யணும்னு படிப்படியா காட்டுது. ரெண்டையும் சேத்து பண்ணுனா முழுசா இருக்கும். மூணாவது, நான் பண்ணது இங்கிலீஷ்ல. எங்க மாமியாருக்கு நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா தமிழ்ல சொன்னேன், அவங்க கேட்ட கேள்விங்கள பாத்தா என்னவிட நல்லா புரிஞ்சுக்கிட்டாங்க. சேலை கட்டிட்டு எப்படிப்பா ஓடறதுன்னு கேட்டாங்க. நெஜமான கேள்வி. வயசானவங்கள, சேலை கட்டுனவங்கள, தள்ளுவண்டியோட இருக்கறவங்கள வாசல் பக்கத்து வரிசையில உக்கார வெக்கணும்ங்கற யோசன எங்களுக்கு அதுலதான் வந்துச்சு.

கொழந்தைங்க பயந்துக்குவாங்களோன்னு நெறய பேர் கேக்கறாங்க. என் பொண்ணுக்கு ஒம்பது வயசு. தீவிரவாதின்ற வார்த்தையவே நான் சொல்லல. எங்கயாவது அப்பா "ஓடு"ன்னு சொன்னா பொம்மைய விட்டுட்டு ஓடணும், தொலைஞ்சு போனா வாசல்கிட்ட நாம பேசி வெச்ச எடத்துல நிக்கணும், யாரோட பையாவது தனியா இருந்தா தொடாம பெரியவங்ககிட்ட சொல்லணும், அவ்ளோதான். இப்ப எந்த சினிமா தியேட்டர்க்கு போனாலும் மொத வேலையா பச்ச கலர் எக்ஸிட் போர்ட தேடி கண்டுபுடிச்சு என் காதுல சொல்றா.

ஹால்காரங்க ஏன் ஃபார்ம் குடுத்தாங்கன்னும் தெரிஞ்சுக்கிட்டேன். மார்ட்டின்ஸ் லான்னு சொல்றாங்க, மான்செஸ்டர்ல செத்துப்போன மார்ட்டின் ஹெட்ங்கற 29 வயசு பையனோட அம்மா ஃபீகன் முர்ரே வருசக்கணக்கா போராடி கொண்டு வந்த சட்டம். 2024 மே மாசம் மான்செஸ்டர்லருந்து லண்டனுக்கு கிட்டத்தட்ட 200 மைல் நடந்தே வந்தாங்க அந்தம்மா. 2025 ஏப்ரல் 3ல சட்டம் ஆச்சு, அமலுக்கு வர கொறஞ்சது 24 மாசம் டைம் குடுத்திருக்காங்க. 200 பேர் அல்லது அதுக்கு மேல ஒரே நேரத்துல கூடற எடத்துக்கெல்லாம் இது பொருந்தும், 800 பேர் அல்லது அதுக்கு மேலன்னா இன்னும் கூடுதல் விதிங்க இருக்கற மேல் அடுக்கு, ஆனா கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் எவ்ளோ பெருசா இருந்தாலும் கீழ் அடுக்குலதான் வரும். கீழ் அடுக்குல கேக்கறது மெட்டல் டிடெக்டரோ கேமராவோ இல்ல, ஆளுங்கள எப்படி வெளிய கொண்டு போவீங்க, எப்படி உள்ளயே பத்திரமா வெப்பீங்க, கதவ எப்படி பூட்டுவீங்க, எப்படி தகவல் சொல்லுவீங்கன்னு ஒரு ஒழுங்கு. நம்ம கோயில் கமிட்டிங்க, கல்யாண மண்டபம் நடத்தறவங்க இப்பவே ஆரம்பிச்சா நல்லது.

நாங்க என்ன பண்ணுனோம்னா, விழாவுக்கு முந்தின வாரம் கமிட்டி எட்டு பேரும் கோர்ஸ முடிச்சுட்டு ஹால்ல ஒண்ணா நடந்து பாத்தோம். வேற ஒரு எடத்துல போன வருசம் பண்ணப்ப பின் கதவு முன்னாடி நாற்காலிய அடுக்கி வெச்சிருந்தது அப்பத்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்துச்சு, அடுக்குனதும் நாங்களேதான். இந்த தடவ மூணு கதவு, கதவுக்கு ரெண்டு பேர், கதவு முன்னாடி ஒரு செருப்புகூட இருக்கக்கூடாதுன்னு பேச்சு. மைக்ல யாரு பேசுவாங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் என்ன சொல்லுவாங்கன்னு ஒரு அட்டையில எழுதி மேடை பக்கத்துல ஒட்டுனோம்.

விழா அன்னைக்கு மத்தியானம், கும்மி முடிஞ்சு சாப்பாட்டுக்கு எல்லாரும் எந்திரிச்ச நேரம், மேடைக்கு பக்கத்துல ஒரு நீலக்கலர் பை கெடந்துச்சு. முன்னாடியா இருந்தா தாண்டி போயிருப்பேன். நின்னு பாத்தேன். மறைச்சு வெக்கல, எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி இருந்துச்சு. வயர் கியர் ஒண்ணும் இல்ல, பக்கவாட்டுல தண்ணி பாட்டில். பசங்க ஆடுன மேடை பக்கத்துல பசங்க பை இருக்கறது வழக்கம்தான். தொடல. பக்கத்துல இருந்த பதினஞ்சு இருவது பேர்கிட்ட கேட்டோம், யாருதும் இல்ல, அப்புறம் மைக்ல "நீலக்கலர் பை, மேடை பக்கத்துல, யாருதுங்க"ன்னு சாதாரணமா கேட்டாங்க. சாப்பாட்டு வரிசையிலருந்து ஒரு அம்மா கைய தூக்குனாங்க. அவங்க பொண்ணோட சலங்கை உள்ள இருந்துச்சு. பைய எடுத்துக்கிட்டு "சாரிங்க அண்ணா, மறந்துட்டேன்"னாங்க. பரவால்லங்க, நாங்க கேக்கறதுக்குதான் இருக்கோம்னு சொல்லி அனுப்புனேன். அடுத்த ஹால் மீட்டிங்குக்கு அவங்களும் கோர்ஸ் பண்ணிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க.